காலிஃபிளவர் வேகும் வீடு

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

அன்றைக்கு வீட்டில் நான் சொல்லாமல் விட்டுவந்தது இதுதான்: உன் சமையலை நான் குறை சொல்லவில்லை.

"இப்படிக் குழைய வெச்சுக் குடுத்தா யாருக்குத்தான் தொண்டையில இறங்கும்?" என்று கேட்டது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னும் நிறைய இருந்தது. நீ கரண்டியைத் தொட்டியில் போட்டுவிட்டு, "வெந்நீர் வைக்கத் தெரியாதவ எனக்குச் சமையல் சொல்லித் தர வேணாம்" என்றாய். மீதியை விழுங்கிவிட்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். சண்டையில் வரவேண்டிய நல்ல வாக்கியங்கள் எல்லாம் பேருந்து கிளம்பிய பிறகுதான் எனக்கு வந்து சேரும்.

போனில் சொல்லியிருக்கலாம். நாம் போனில் பேசினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம், பிறகு ஒரே நேரத்தில் வைத்துவிடுவோம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

காய்ச்சல் அப்பாவின் மூக்கைத்தான் பறித்தது. நாக்கை விட்டுவைத்திருக்கிறது. உப்பும் புளிப்பும் இனிப்பும் நாக்கின் வேலை. மிளகு சுள்ளென்று ஏறுவதற்கு மூக்கின் அனுமதி தேவையில்லை. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனைதான் என்று படித்திருக்கிறேன். (ஆமாம், புத்தகத்தில்தான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.) வாசனை போய்விட்டால் மிச்சம் இருப்பது நாக்கு, பல், காது. அப்பா "அட்டையை மெல்ற மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளியது உன்னை நோகடிப்பதற்காக அல்ல. அவருக்கு உண்மையிலேயே அட்டை மாதிரிதான் இருக்கிறது. குழைந்த சோறு, குழைந்த பருப்பு, குழைந்த காய். எதைக் கடித்தாலும் ஒரு சேதியும் இல்லை. அதனால் சத்தம் வருகிற மாதிரி சமைத்துப் பார் என்று சொல்ல நினைத்தேன். அவ்வளவுதான்.

எடை இன்னும் இறங்கினால் மருத்துவமனையில் சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஆகாரம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நீ அப்பாவின் முகத்தைப் பார்த்தாயா? நாளைக்கு இத்தனை ரொட்டி வேண்டும் என்று, அவர் வேலை பார்க்கும் பேக்கரியின் முதலாளி சொல்லும்போது எப்படித் தலையாட்டுவாரோ, அப்படி ஆட்டினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இங்கே என் அறையில் ஓர் அடுப்புதான். அதில் நான் காலிஃபிளவரை வைத்துச் சோதனை நடத்திக்கொண்டிருக்கிறேன். அதற்குத் தனக்கென்று பெரிய கர்வம் இல்லை. மிளகு போட்டால் மிளகின் பக்கம் சாய்கிறது, எலுமிச்சை பிழிந்தால் எலுமிச்சையின் பக்கம். கிளை கிளையாகப் பிரிவதால் ஓரங்கள் அதிகம். மொறுமொறுப்பு எல்லாம் ஓரத்தில்தான் இருக்கிறது.

பூவைச் சின்னக் கிளைகளாக உடை. உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறட்டும், புழு இருந்தால் வெளியே வந்துவிடும். வடித்து, அகலமான வாணலியில் கொஞ்சமாக எண்ணெய் விட்டுப் போடு. கிளறிக்கொண்டே இருக்காதே. ஒரு பக்கம் நன்றாகச் சிவந்த பிறகு திருப்பு. இறக்கும்போது மிளகு, உப்பு, எலுமிச்சை. மேலே வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக இடித்துத் தூவு. பூ கடிப்பதற்கு, கடலை அவர் உடம்பில் ஒட்டுவதற்கு.

என் அறைத்தோழி, கண்ணாடி என்று சொல்வேனே, அவள் பாதித் தட்டைக் காலி செய்துவிட்டு, "உனக்குச் சமைக்க வரும்னு யாருகிட்டயும் சொல்லாத, வேலை வாங்குவாங்க" என்றாள்.

உன் தங்கை


ஜூன் 14

புத்தகப் புழுவுக்கு,

'அன்புள்ள' போட மனம் வரவில்லை. கோபம் ஆறியதும் நீயே மேலே எழுதிக்கொள்.

பல்லைப் பற்றி எனக்கா பாடம்? காலையிலிருந்து மாலை வரை பல் டாக்டர் பக்கத்தில் நின்று, ஊரார் வாய்க்குள் விளக்கையும் உறிஞ்சு குழாயையும் பிடித்துக்கொண்டிருப்பவள் நான். ஏன் குழைய வைக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? காய்ச்சல் விட்ட பிறகு அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. கடித்தால் உயிர் போகிற வலி. அதனால்தான் குழைத்தேன். நீ விருந்தாளி மாதிரி வந்தாய், ஒரு வாய் சாப்பிட்டாய், தீர்ப்புச் சொன்னாய், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். நல்ல நியாயம்.

பல்லை எடுத்தாயிற்று. எங்கள் டாக்டரே எடுத்தார், நான்தான் அப்பாவின் தாடையைப் பிடித்துக்கொண்டேன். புண்ணும் ஆறிவிட்டது. கடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே உன் பூவைச் செய்தேன். கோபம் வேறு, அப்பா வேறு.

நீ எழுதினபடிதான் செய்தேன். ஊறவைத்தேன், வடித்தேன், போட்டேன். எண்ணெய் வெடித்து என் கையெல்லாம் தெறித்தது. அப்புறம் தண்ணீர் விட்டுக்கொண்டு ஒரே கொழகொழ. ஒரு ஓரம்கூடச் சிவக்கவில்லை. இதில் கடலையைத் தூவினால் அது சேற்றில் விழுந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. அப்பா ஒன்றை வாயில் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார், "என்னம்மா இது, நனைஞ்ச பஞ்சா?"

அவர் என்னை 'அம்மா' போட்டுப் பேசினால் எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் உப்பு கொஞ்சம் கூடினால் 'என்னடி இது' என்று அவர் போடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். இப்போது திட்டுவதற்குக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. மரியாதையாகப் பேசிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார்.

கை வெந்ததற்கு நீதான் பொறுப்பு.

அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்கா (நானே போட்டுக்கொண்டேன், உனக்கும் சேர்த்து),

பல் ஆடியது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று வாயைத் திறந்திருக்க மாட்டேன். நீ குழைத்த சோற்றுக்குள் இவ்வளவு யோசனை இருந்திருக்கிறது, நான் மேலோட்டமாகப் படித்துவிட்டு விமர்சனம் எழுதிவிட்டேன்.

இன்னொன்று கேட்டால் நீ என்னை வெட்டிப் போடுவாய். கடிதத்தில் ஒரு வரி விட்டுப்போய்விட்டது. வடித்ததற்கும் எண்ணெயில் போடுவதற்கும் நடுவில், "ஈரம் போகத் துடைத்து, துணியில் பரப்பி, நன்றாக உலரவிடு" என்று இருக்க வேண்டும். காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர் எழுத்தில் விடுபட்ட வரியைத் தேடிப் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். கண்ணாடியிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. உன் கை எப்படி இருக்கிறது?

இன்னொரு முறை, எனக்காக இல்லை, அப்பாவுக்காகச் செய். முதல் வேலையாகவே பூவைக் கழுவி உலரவைத்துவிடு. தொட்டுப் பார்த்தால் காகிதம் மாதிரி இருக்க வேண்டும். வாணலி நன்றாகக் காயட்டும். ஒன்றையொன்று இடிக்காமல் போடு. உப்பைக் கடைசியில் போடு, முதலிலேயே போட்டால் தண்ணீர் விடும். தண்டைத் தூக்கி எறியாதே. தோல் சீவிக் குச்சி குச்சியாக நறுக்கி, பச்சையாகவே எலுமிச்சையும் உப்பும் போட்டுக் கொடு. வெள்ளரிக்காய் மாதிரி நறுக்கென்று உடையும். இலையும் வீணில்லை. உலரவைத்து வாணலியில் போட்டால் அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது! நேற்று அதைக் கண்டுபிடித்தபோது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன், இருந்தும் கைதட்டிக்கொண்டேன்.

எடை பார்க்க எப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள்? எழுது.

தங்கை


ஜூன் 25

அன்புள்ள புழுவே,

போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

இந்த முறை கொடியில் துணி காயப்போட்டுவிட்டு அதே வெயிலில் பூவையும் பரப்பினேன். மாடிவீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன, காயைத் துவைச்சுக் காயப்போடற?" என்றாள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவளுக்கென்ன.

வாணலியில் போட்டதும் ஒரு சத்தம் வந்தது பார், கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி. நான் திரும்பினால் அப்பா அடுப்படி வாசலில் நிற்கிறார். காய்ச்சலுக்கு அப்புறம் அவர் அடுப்படிக்கு வந்ததே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"கூட்டம் அதிகம். பாதியை எடு."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீங்க போய் உக்காருங்க."

"எடுன்னு சொல்றேன்ல. அதுக்கு மூச்சு விட இடம் வேணாமா? ரொட்டிய ஒட்டி ஒட்டி வெச்சா வேகுமா, புழுங்குமா?"

எடுத்தேன். அவர் சொன்னது சரிதான் என்று உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஓரமெல்லாம் கரும்பழுப்பாகச் சிவந்து வந்தது. தட்டில் போட்டு மேசைக்குக் கொண்டுபோகலாம் என்று திரும்பினால், அவர் வாணலியிலிருந்தே ஒன்றை எடுத்து ஊதி ஊதி வாயில் போட்டுக்கொண்டார். கடித்தார். எனக்கே கேட்டது அந்தச் சத்தம். அப்புறம் இன்னொன்று.

"எப்படிப்பா இருக்கு?"

"ருசி ஒண்ணும் தெரியல. ஆனா காதுக்குள்ள யாரோ சரளைக்கல்லுல நடக்கிற மாதிரி இருக்கு. அந்த ஆளு எங்க போறான்னு பாக்கத் தோணுது."

நின்றபடியே முக்கால்வாசியைச் சாப்பிட்டார். கடலை எல்லாவற்றையும் விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டார். பாத்திரம் கழுவும்போது நான் அழுதேன். குழாய் திறந்திருந்தது, யாருக்கும் தெரியாது. இதைப் பற்றி நீ திருப்பி எதுவும் எழுதாதே.

எடை பார்க்கிறது ஜூலை பதினாறு. இன்னும் பயம் போகவில்லை. பகலில் இது ஓடுகிறது, இரவுச் சாப்பாட்டைத்தான் தள்ளிவிடுகிறார். மெல்ல அலுப்பாக இருக்கிறதாம். குடிக்கிற மாதிரி ஏதாவது உண்டா, அதற்குள்ளேயும் உன் சத்தம் இருக்கிற மாதிரி?

அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்கா,

நீ எழுதாதே என்றதைப் பற்றி எழுதவில்லை. நானும் இங்கே அடுப்பு ஊதுகிறவள் மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதைப் பற்றியும் எழுதவில்லை.

சரளைக்கல்லில் நடக்கிற அந்த ஆளை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இத்தனை புத்தகம் படித்திருக்கிறேன், சாப்பாட்டைப் பற்றி இப்படி ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை.

இரவுக்கு இரண்டு வழி கண்டுபிடித்தேன். ஒன்று: பூவைத் துருவி, சோறு மாதிரி உதிரியாக வதக்கி, அதில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறு. வேலை சுலபம், வயிற்றுக்கும் பாரமில்லை. இன்னொன்று, நீ கேட்ட சூப். பூவையும் நாலு பல் பூண்டையும் வேகவை. கத்தியால் குத்தினால் இறங்கும் பதம் வந்ததும் இறக்கிவிடு. பால் சேர்த்து அரைத்து, உப்பும் மிளகும் போட்டுச் சூடாக்கு. வெண்ணெய் கொஞ்சம் போடலாம், அவருக்கு வேண்டியதுதான். மேலே மொறுமொறுப்பாக வறுத்த பூத் துணுக்குகளையும் ரொட்டித் துண்டுகளையும் மிதக்கவிடு. குடிக்கக் குடிக்க அந்த ஆள் நடந்துகொண்டே இருப்பான்.

கண்ணாடி சூப்பைக் குடித்துவிட்டு, "உங்க அக்காவுக்கும் எனக்கும் ஒரே சமையல்காரி, ஆனா அவங்களுக்கு மட்டும்தான் கடிதம் வருது" என்றாள்.

எனக்குள் ஒரு நம்பிக்கை வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்க எனக்குப் பயம். நீ எடை பார்த்துச் சொல்லும்வரை அதை அப்படியே விட்டுவைக்கிறேன்.

தங்கை


ஜூலை 6

அடியே புழு,

அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திருத்த உட்காராதே, படி!

நேற்று ஞாயிறு. உன் சூப்புக்காகப் பூவை அடுப்பில் வைத்தேன். சீக்கிரம் வேகட்டும் என்று மூடியும் போட்டேன். அந்த நேரம் பார்த்து மாடிவீட்டு அக்கா வந்து வாசலில் நின்றாள். அவள் வீட்டில் தண்ணீர் ஒழுகுகிற கதை. அந்தக் கதைக்கு முடிவே இல்லை. நானும் என் பங்குக்கு எங்கள் கிளினிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்பை மறந்தே போனேன். பூ வெந்து, குழைந்து, கரைந்து, அதற்கு மேலும் வெந்துகொண்டிருக்கிறது. அழுகின முட்டையையும் பழைய காலுறையையும் சேர்த்துக் காய்ச்சினால் எப்படி நாறும், அப்படி. மாடிவீட்டு அக்கா பேச்சை நிறுத்திவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மானமே போயிற்று.

நான் உள்ளே ஓடுவதற்குள் முன்னறையிலிருந்து ஒரு குரல்.

"என்னடி நாத்தம் இது! வீட்டுக்குள்ள எலி கிலி செத்துக் கிடக்கா?"

"இல்லப்பா, பூ வெந்து..." என்று சொல்லிக்கொண்டே ஓடினவள் நடையில் அப்படியே நின்றுவிட்டேன். அவரும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தபடி நின்றுவிட்டார்.

"அப்பா, இப்ப என்ன சொன்னீங்க?"

"நாறுதுன்னு சொன்னேன்." பிறகு ரொம்ப மெதுவாக, "நாறுதுடி."

அடுப்பை அணைக்கக் கையை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டார். "தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்." மூடியைத் திறந்து முகத்தை நேரே ஆவிக்குள் கொண்டுபோனார். மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனி மூடிவிட்டது. அப்படியே நின்று இழுத்து இழுத்து மோந்தார். "அய்யோ, என்ன கேவலமா நாறுது!" என்று சிரிக்கிறார், கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் ஒழுகுகிறது. ஆவியா, அதுவா, எனக்குத் தெரியாது.

மாடிவீட்டு அக்கா பின்னாலேயே வந்து, "ஜன்னலையாவது திறந்து விடேன்" என்றாள். அப்பா கத்தினார், "ஜன்னலைத் திறந்தா பாரு! ஒரு பொட்டு வெளிய போகக் கூடாது!" அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டாள். தெரு முழுக்க இந்நேரம் செய்தி போயிருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு கூத்து. வீட்டில் உள்ளதை எல்லாம் எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். சோப்பு, ஒன்றுமில்லை. காப்பித்தூள், ஒன்றுமில்லை. என் கைப்பை, ஒன்றுமில்லை. பூண்டை நசுக்கிக் கொடுத்தேன். "தூரத்துல ஒரு ஆளு இருக்கான், முகம் தெரியல" என்றார். தன் செருப்பை எடுத்து மோந்துவிட்டு, "இதுவும் தெரியுதுடி!" என்று அதைப் பரிசுக் கோப்பை மாதிரி தூக்கிக் காட்டினார்.

அந்தக் கூழையே அரைத்துப் பால் ஊற்றிக் கொடுத்தேன். நாற்றத்தோடு குடித்தார், முழுக் கிண்ணமும். டி போட்டார், கவனித்தாயா? நேற்று மட்டும் எத்தனை டி!

அக்கா


ஜூலை 10

என் அக்காவே,

கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். பிழை திருத்தும் அறையில் ஊசி விழுந்தால் கேட்கும், உனக்குச் சொல்லியிருக்கிறேன். நான் அங்கே இத்தனை காலமாக வேலை பார்த்தும் பலருக்கு என் குரல் தெரியாது. படித்து முடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, "எங்க அப்பாவுக்கு நாத்தம் தெரியுது!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் தலையை நிமிர்த்தினார்கள். மேற்பார்வையாளர் அம்மா எழுந்து வந்து, "என்ன நாத்தம், எங்க?" என்று ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லாத நான்! அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, சூப்புக்குப் பூண்டு எத்தனை பல் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாசனை திரும்பினால் அது ரொட்டியின் வாசனையாகத்தான் இருக்கும் என்று நான் எனக்குள் ஒரு காட்சியே எழுதி வைத்திருந்தேன். அப்பா பேக்கரிக் கதவைத் திறப்பார், அப்படியே நிற்பார் என்றெல்லாம். வாழ்க்கைக்கு அவ்வளவு நாசூக்கு தெரியவில்லை, நல்ல வேளை. நீ அடுப்பை மறந்தாயே, அதற்காக உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

பாதி வாசனையோடு நின்றுவிடலாம், சில பேருக்குக் கோணலாகவும் திரும்புமாம். அதைப் படித்தபின் கொஞ்சம் அடங்கினேன். அடங்கியது கொஞ்ச நேரம்தான்.

பதினாறாம் தேதி எடை பார்த்ததும் எழுது. நல்லதோ கெட்டதோ, மறைக்காமல் எழுது. அன்று நான் சொன்னதற்கு மன்னிப்பு என்று இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

தங்கை


ஜூலை 21

அன்புள்ள புழுவே,

மன்னிப்பு வந்து சேர்ந்தது. நானும் கரண்டியைப் போட்டிருக்க வேண்டாம்.

பதினாறாம் தேதி போனோம். எடைக் கருவியில் ஏறும்போது அப்பா செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்தார். டாக்டர் கழற்ற வைத்தார். போன தடவையைவிட முக்கால் கிலோ கூடியிருக்கிறது. டாக்டர் இரண்டாவது தடவையும் ஏற்றிப் பார்த்தார். குழாய் வேண்டாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். "சரளைக்கல்லு" என்றார் அப்பா. நான்தான் விளக்கம் சொன்னேன். கடலை, முட்டை, பால் எல்லாம் அப்படியே தொடரட்டும் என்றார்.

வாசனை முழுக்க வரவில்லை. பூண்டும் வெங்காயமும் தெரிகிறது. சோப்பு ரப்பர் மாதிரி இருக்கிறதாம். காப்பி கருகிய துணி மாதிரி இருக்கிறது என்று குடிப்பதை விட்டுவிட்டார். ரொட்டி இன்னும் தெரியவில்லை. கொஞ்ச காலம் ஆகும், இவ்வளவோடு நின்றாலும் நிற்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

நேற்று முதலாளி வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனார். ரொட்டி வெந்ததா என்று மோந்தே சொல்லும் அப்பாவின் பழைய வேலை இனி வேறு ஆளுக்கு. அப்பாவுக்கு மாவு பிசைகிற பக்கம்.

இன்று காலை வேலைக்குப் போனார். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்.

அக்கா